பைக்குக்கு இன்னொரு ஸ்மார்ட் சாவி: கருவியைவிடப் பதிவுக்கே விலை

பழைய ஸ்கூட்டரின் சாவி ஒன்று தொலைந்தால், வீட்டில் மீதமிருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போவது வழக்கம். அதே அச்சில் இன்னொன்றை அவர் அராவிக் கொடுப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். அந்தச் சாவியின் ரகசியம் முழுவதும் அதன் பல்வெட்டிலேயே இருந்ததால் அந்த வேலை அவ்வளவு எளிதாக முடிந்தது. 2023 ஜனவரியில் ஹோண்டா ஆக்டிவாவின் எச்-ஸ்மார்ட் வகை விற்பனைக்கு வந்ததும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் யமஹா ஏரோக்ஸ் 155 வண்டியின் எஸ் வகை ஸ்மார்ட் சாவியோடு வந்ததும் இந்த நிலையை மாற்றிவிட்டன. அதுவரை ஹார்லி, பிஎம்டபிள்யூ, டுகாட்டி வைத்திருப்பவர்களின் கவலையாகவே பெரும்பாலும் இருந்த ஒரு கேள்வி, அதாவது மின்னணுச் சாவிக்கு மாற்று எப்படி வாங்குவது என்ற கேள்வி, காய்கறி வாங்க ஸ்கூட்டரில் போகும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சாவி என்ற பெயரில் நாம் வாங்கும் அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டி, வண்டியின் நினைவகத்தில் பதிவாகும்வரை வெறும் பெட்டிதான் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவைச் செய்ய வண்டி ஏதாவது ஒரு சான்றைக் கேட்கும். ஏற்கெனவே பதிவான சாவி, ஓர் எண், டீலரிடம் மட்டும் இருக்கும் கருவி ஆகியவற்றுள் ஒன்றோ சிலவோ அந்தச் சான்றாக அமையும். சாவி ஒன்று உயிரோடு இருக்கும்போது இரண்டாவதைச் சேர்ப்பதும், எல்லாச் சாவிகளும் தொலைந்த பிறகு புதிதாக ஒன்றைப் பெறுவதும் முற்றிலும் வேறு வேறு வேலைகளாக இருப்பதற்கும், இரண்டுக்கும் ஆகும் செலவு எட்டாத தூரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம்.

மின்னணுச் சாவிகள் எல்லாம் ஒரே வகையும் அல்ல. முதல் வகை, பார்வைக்குச் சாதாரண இரும்புச் சாவிபோலவே இருக்கும்; அதன் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் புதைந்திருக்கும். சாவித் துளையைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்று ஆன்டெனாவாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. இப்படித் தடுக்கும் அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஹோண்டாவின் ஹிஸ் (HISS) என்ற அமைப்பும், யமஹா ஆர்1, ஆர்6 போன்ற வண்டிகளில் வந்த இம்மொபிலைசரும் இந்த வகையைச் சேர்ந்தவை. இப்படிப்பட்ட இரண்டு வண்டிகளின் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பவர்களுக்கு வண்டி சில நேரம் காரணமில்லாமல் அடம்பிடிப்பதுபோலத் தோன்றுவதுண்டு. இரண்டு சிப்களும் ஒரே புலத்துக்குள் வந்து ஒன்றின் பேச்சை மற்றொன்று குழப்புவதால் அப்படி நேர்கிறது. அவற்றைத் தனித்தனி வளையத்தில் வைத்தாலே போதும்.

இரண்டாம் வகையான ஸ்மார்ட் சாவி சட்டைப் பையிலிருந்து வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. வண்டியின் குமிழை அழுத்தியதும் வண்டி குறைந்த அதிர்வெண்ணில் அழைக்கிறது. பையிலிருக்கும் சாவி விழித்துக்கொண்டு, 433.92 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்ணில் பதில் அனுப்புகிறது. அழைப்பு காந்தப்புலமாக இருப்பதால் அதன் வலு தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக்டிவாவின் சாவி சுமார் 2 மீட்டருக்குள் இருந்தால்தான் வண்டி திறக்கும் என்பதற்கு இந்த இயற்பியலே காரணம். சாவி வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவில் இருக்கும்போதே வண்டி திறந்துகொள்ளக் கூடாது என்பதால் வடிவமைப்பாளர்களும் இதைத்தான் விரும்புகிறார்கள். அழைப்பைக் கேட்டுப் பதில் அனுப்புவதற்குச் சாவிக்கு பேட்டரி தேவை.

வண்டி கேட்கும் கேள்விக்கு ஒரே பதிலைச் சாவி ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒருமுறை ஒட்டுக்கேட்டவர் மறுமுறை அதையே ஒலிபரப்பித் திறந்துவிடலாம். எனவே வண்டி ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றை அனுப்புகிறது. சாவியும் வண்டியும் மட்டும் அறிந்த ரகசியக் குறியீட்டைக் கொண்டு அந்த எண்ணைக் கணக்கிட்டு விடை தருகிறது சாவி. அந்த ரகசியக் குறியீட்டை இரண்டுக்கும் பொதுவாக்கி வைப்பதைத்தான் பதிவு என்கிறோம்.

பதிவு செய்யும் முறையை நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக அமைத்திருக்கின்றன. யமஹாவின் பழைய முறையில் வண்டியோடு இரண்டு கருப்புச் சாவிகளும் ஒரு சிவப்புச் சாவியும் வரும். சிவப்புச் சாவியை ஓட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது; அதன் ஒரே வேலை மற்றச் சாவிகளைப் பதிவு செய்வதுதான். அதைச் சாவித் துளையில் போட்டுத் திருப்பி, அணைத்து, வெளியே எடுத்து, 5 நொடிக்குள் புதிய கருப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினால் பதிவு முடிந்தது. சர்வீஸ் சென்டரின் வாசலைக்கூட மிதிக்கத் தேவையில்லாத, உரிமையாளரை நம்பிய முறை இது. ஆனால் சிவப்புச் சாவி தொலைந்தால் புதிய சாவி எதையும் சேர்க்க முடியாது. இருக்கும் கருப்புச் சாவிகள் வேலை செய்யும்வரை ஓட்டலாம். அவையும் தொலைந்தால் இம்மொபிலைசர் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யமஹாவின் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. கேடிஎம் நிறுவனம் இதே வேலைக்கு ஆரஞ்சு நிறச் சாவி ஒன்றைக் கொடுத்தது. பழைய வண்டியை வாங்குபவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கும் முன்னால் இந்த வண்ணச் சாவி இருக்கிறதா என்று கேட்பது அதிகப்படியான எச்சரிக்கையாகாது.

ஹோண்டாவின் ஹிஸ் முறையில் தலைமைச் சாவி என்று தனியாக எதுவும் கிடையாது. பதிவான எந்தச் சாவியும் புதியதற்குச் சான்று சொல்லலாம். மெக்கானிக், எஞ்சின் சுழல்வதை உணரும் பல்ஸ் ஜெனரேட்டரின் இணைப்பியில் சோதனை அடாப்டர் ஒன்றை மாட்டி, அதை பேட்டரியோடு இணைத்து, பழைய சாவியைத் திருப்புவார். கடிகாரப் பலகையில் இருக்கும் ஹிஸ் விளக்கு 2 நொடி எரிந்துவிட்டு, பிறகு நான்கு முறை சிமிட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பதிவு நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று அந்த நொடியிலேயே நடந்து முடிகிறது: துளையில் இருக்கும் சாவியைத் தவிர, அதற்கு முன் பதிவான எல்லாச் சாவிகளும் வண்டியின் நினைவகத்திலிருந்து அழிந்துவிடுகின்றன. எனவே இரண்டாவது சாவியை வீட்டில் விட்டுவிட்டு மூன்றாவதைப் பதிவு செய்யப் போனவர், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அலமாரியில் இருக்கும் சாவி பூட்டைத் திறக்கும், ஆனால் எஞ்சினை ஓடவிடாது. மாற்றுச் சாவிக்காகச் செல்லும்போது இருக்கும் சாவிகள் அனைத்தையும் கொண்டுபோக வேண்டும் என்ற பொதுவான அறிவுரைக்கு இதுவே காரணம். தொலைந்த சாவி எவர் கையிலோ இருக்கிறதே என்று கவலைப்படுபவருக்கோ இதே அழிப்பு பாதுகாப்பாக அமைகிறது: மீதமுள்ள சாவியை வைத்து ஒரு பதிவை நடத்தினால், தொலைந்தது தானாகவே செல்லாக்காசாகிவிடும்.

எண்ணைச் சான்றாகக் கேட்கும் முறைகளும் உண்டு. டுகாட்டியின் பல வண்டிகளோடு ஒரு குறியீட்டு அட்டை (Code Card) வந்தது. அதில் ஐந்து இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். சாவியின் சிப் செத்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்து, கடிகாரப் பலகையின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையை எண்ணி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய இடத்தில் மீண்டும் முறுக்கி அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லலாம். நடுரோட்டில் நின்று இதைச் செய்யும் மனிதரைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்; ஆனால் வண்டியைத் தள்ளாமல் வீடு சேர இது போதும். ஹார்லி-டேவிட்சனிலும் இதேபோல ஐந்து இலக்க ரகசிய எண் உண்டு. அதை இண்டிகேட்டர் பொத்தான்களைக் கொண்டு உள்ளிட வேண்டும். இடப்பக்கப் பொத்தானை இலக்கத்தின் எண்ணிக்கைக்கு அழுத்தி, வலப்பக்கப் பொத்தானால் உறுதிசெய்துகொண்டே போக வேண்டும். இந்த எண் வண்டியை ஓட்டத்தான் உதவும், புதிய சாவி தராது. ஆனாலும் சாவி கடலில் விழுந்த நாளில் இதன் மதிப்பு தெரியும்.

ஹோண்டாவின் ஸ்மார்ட் சாவி வண்டிகள் பலவற்றில் சாவியோடு ஓர் அடையாள வில்லையும் சேர்த்துத் தரப்படுகிறது. சாவி செயலிழக்கும்போதோ தொலையும்போதோ வண்டியைத் திறக்கவும், புதிய சாவி பதியவும் அதிலுள்ள எண் தேவைப்படும். அந்த வில்லையைச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்காதீர்கள், வண்டியிலும் வைக்காதீர்கள் என்று கையேடு எச்சரிக்கிறது. நடைமுறையில் பெரும்பாலோர் டெலிவரி எடுத்த நாளில் அதை அதே வளையத்தில் கோத்தோ, சீட்டுக்கு அடியில் போட்டோ மறந்துவிடுகிறார்கள். சாவி தொலையும்போது வில்லையும் கூடவே போகிறது. அந்த எண்ணைக் கைபேசியில் படமெடுத்து மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பது ஒரு நிமிட வேலை. ஆயிரக்கணக்கான ரூபாய் செலவைத் தவிர்க்கும் வேலையும்கூட.

எல்லாச் சாவிகளும் போய், எண்ணும் இல்லை என்றால் என்ன நடக்கும்? பழைய சாவியின் சாட்சி இல்லாததால், வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி புதிய சாவி எதையும் நம்பாது. சில மாடல்களில் டீலர், உரிமையாளரின் ஆர்.சி., அடையாள அட்டை, காவல்துறையில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு நிறுவனத்தின் வழியாக வழி காண்பார். மற்ற மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டி, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, சாவித் துளை, பெட்ரோல் டேங்க் மூடி, சீட் பூட்டு எனக் கூட்டாக மாற்ற வேண்டிவரும். இருக்கும்போது ஒரு சாவி கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்கு இதில் சிறு பங்குதான் ஆகும். இரண்டில் ஒன்று தொலைந்ததும், இன்னொன்றுதான் இருக்கிறதே என்று அந்த வேலையைத் தள்ளிப்போடுவதே இந்த விஷயத்தில் நாம் செய்யக்கூடிய மிக விலையுயர்ந்த சோம்பல்.

டீலர் சொல்லும் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் அடுத்து இணையக் கடைகளுக்குப் போகிறார்கள். அங்கே மூன்று வகைப் பொருள் கிடைக்கிறது. வெறும் கூடு என்பது முதல் வகை. உடைந்த சாவியின் உள்ளிருக்கும் பலகையை எடுத்துப் புதிய கூட்டில் வைப்பது நேர்மையான, மலிவான வேலை. ஆனால் பழைய வகைச் சாவிகளில் இம்மொபிலைசர் சிப், பலகையில் அல்லாமல் கூட்டின் மூலையில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கருப்புத் துண்டாக ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டவருக்குப் பொத்தான்கள் வேலை செய்யும், எஞ்சின் பிடிக்காது. இரண்டாவது, புதிய சாவி. இதை வாங்குவதற்கு முன் அதிர்வெண்ணைப் பார்க்க வேண்டும்; அமெரிக்கச் சந்தைக்கான சாவிகள் பல 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவுக்கும் நமக்கும் வருபவை 433.92 மெகாஹெர்ட்ஸிலும் பேசுபவை. வெளித்தோற்றம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும், அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த சாவி இங்குள்ள வண்டியோடு பேசாமலே போகலாம். மூன்றாவது வகையான பழைய சாவியில்தான் ஏமாறுவோர் அதிகம். பல தயாரிப்புகளில் சிப் ஒரு வண்டியோடு பதிவானதும் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. பிறகு அதை வேறு வண்டிக்குப் பதிய முடியாது. சென்னை புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் கார்புரேட்டரை வாங்கி மாட்டலாம், சாவியை அப்படி வாங்கி மாட்ட முடியாது; கணினியையும் சாவியையும் பூட்டையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுத்தால்தான் உண்டு.

சிப் சாவியை நகலெடுத்துத் தரும் சாவிக்காரர்களும் இப்போது நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பதிவு அல்ல. பழைய சிப்பில் இருக்கும் அடையாளத்தைப் படித்து வெற்றுச் சிப் ஒன்றில் அப்படியே எழுதுகிறார்கள். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகவே தெரியும். விலை குறைவு, வண்டியைத் தொடவே தேவையில்லை என்பவை இதன் வசதிகள். ஆனால் நகலோ மூலமோ ஒன்று தொலைந்தால், தொலைந்ததை மட்டும் ரத்து செய்ய வழியே இல்லை. ஒன்றை அழித்தால் மற்றதும் அழிந்துவிடும். நகல் எடுத்தவர் தனக்கென்று இன்னொன்றை எடுத்து வைத்துக்கொண்டாலும் வண்டிக்குத் தெரியாது. பரிச்சயமான கடையாக இருந்தாலொழிய இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நகலெடுக்க முடியாத அளவுக்குச் சாவிகள் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கையும் வேண்டாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் குறியீட்டுச் சிப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் 2005-இலேயே உடைத்துக் காட்டின. அப்படியிருந்தும், அதே 40 பிட் முறை பதின்மூன்று ஆண்டுகள் கழித்து டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியில் இருப்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளிப்படுத்தினார்கள். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சேர்க்கைகள். கேட்க மலைப்பாக இருந்தாலும், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சில டெராபைட் அட்டவணை ஒன்றும் கையடக்கக் கருவிகளும் இருந்தால் சாவியைச் சில நொடிகளில் நகலெடுக்க முடிந்தது. அந்தச் சாவியைத் தயாரித்த பெக்ட்ரான் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள்களுக்கும் சாவி அமைப்புகள் தருகிறது என்பதை அதே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கடவுச்சொல் நான்கு எழுத்தாக இருக்கக் கூடாது என்று வங்கிகள் நம்மிடம் வற்புறுத்தும் காலத்தில், லட்சக்கணக்கில் விலையுள்ள வண்டிகளின் பூட்டு இவ்வளவு பழைய கணக்கில் நின்றது வேடிக்கைதான்.

திருடர்கள் பெரும்பாலும் அவ்வளவு கணக்குப் போடுவதில்லை. ஒருவர் வண்டிக்கு அருகிலும் இன்னொருவர் வீட்டுக் கதவுக்கு அருகிலும் நின்று, வண்டியின் அழைப்பை உள்ளே இருக்கும் சாவிவரை நீட்டித்துக் கொடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தினால், சாவி தன் எஜமானர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிடும். ஹோண்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில் இதற்குத் தீர்வாக ஓர் அணைப்புப் பொத்தான் இருக்கிறது: அழுத்தினால் விளக்கு பச்சையாக ஒளிர்ந்தால் சாவி விழித்திருக்கிறது, சிவப்பாக ஒளிர்ந்தால் உறங்குகிறது. மேலதிகச் சாவி வாங்கி வீட்டில் வைப்பவர்கள் அதை உறங்கவிட்டு வைப்பது நல்லது. வாசலுக்கு அருகில் மாட்டி வைத்த மாற்றுச் சாவியும் திருடனுக்குப் பதில் சொல்லும்.

விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்குப் பாதுகாப்பு மட்டும் பதில் ஆகாது. பதிவுக் கருவி டீலரிடம் மட்டும் இருப்பதால் அவர் சொன்னதே விலை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. திருட்டைத் தடுக்கவே அப்படிச் செய்கிறோம் என்ற வாதத்தில் சாவியைப் பொறுத்தவரை ஓரளவு நியாயம் உண்டு. பதிவுக் கருவி எவர் கையிலும் கிடைத்தால் இம்மொபிலைசர் இருந்தும் பயனில்லை. ஆனால் அந்த நியாயம் கருவியை யாருக்குத் தரலாம் என்பதற்குத்தான் பொருந்தும். பிளாஸ்டிக் பெட்டிக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்குப் பொருந்தாது.

புதிய சாவி என்று முடிவெடுக்கும் முன் பேட்டரியைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்மார்ட் சாவிகள் பலவற்றில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஹார்லி தன் சாவியின் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. சாவியைத் தொலைக்காட்சிக்கோ கணினிக்கோ பக்கத்தில் வைத்தால் அது அலைகளுக்குப் பதில் சொல்ல முயன்றுகொண்டே இருந்து பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கும். மாற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்கும்படி மேசையில் போட வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கக்கூடியது அது.

காப்பீட்டையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டி திருடுபோனால் இழப்பீடு கேட்கும்போது, எஃப்.ஐ.ஆர்., வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்று ஆகியவற்றோடு வண்டியின் அசல் சாவிகள் எல்லாவற்றையும் ஒப்படைக்குமாறு காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். ஒரு சாவி குறைந்தால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அஜாக்கிரதையாக இருந்தீர்கள் என்ற வாதம் எழும். ஆகவே சாவி தொலைந்த நாளிலேயே காவல்நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ரசீது வாங்குவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், மாற்றுச் சாவி வாங்கிய டீலரின் பில்லைப் பத்திரப்படுத்துவதும் பிற்பாடு கைகொடுக்கும். சாவி மாற்றுச் செலவுக்கென்று தனிக் காப்பு சில நிறுவனங்களிடம் உண்டு. அது இருசக்கர வண்டிக்கும் பொருந்துமா, பூட்டு செட்டுக்கான செலவையும் ஏற்குமா என்று விதிகளைப் படித்த பின்னரே பிரீமியம் கட்ட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இவை எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். விற்பவர் இரண்டு சாவி கொடுத்தாலும், வண்டிக்கு இரண்டுதான் பதிவாகியிருக்கிறது என்பதற்கு அது சான்றல்ல. பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் அதே வாரத்தில் டீலரிடமும் வண்டியைக் கொண்டுபோய், கையில் இருக்கும் சாவிகளை மட்டும் வைத்து மறுபதிவு செய்யச் சொல்லி, மூன்றாவது சாவி தேவையென்றால் அதையும் அந்த ஒரே பதிவில் சேர்த்துக்கொண்டு, அடையாள எண்ணின் வில்லை விற்பவரிடமிருந்து வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.